துக்கத்தை இங்கிலீஷில் சொல்வது: மாலை வகுப்பில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

மேற்கு மாம்பலத்தில் சாயங்கால நேரத்தில் பேச்சு இங்கிலீஷ் சொல்லித் தருகிறேன். வருபவர்களில் ஓ.எம்.ஆர். கம்பெனிகளில் வேலை செய்பவர்கள், வெளிநாடு போகக் காத்திருக்கும் நர்ஸுகள், பேரன் பேத்தியோடு பேசக் கற்றுக்கொள்ள வரும் மாமிகள் எல்லோரும் உண்டு. சந்தோஷத்தைச் சொல்ல யாரும் திணறுவதில்லை. ‘சூப்பர்’ ஒன்றே போதும், வண்டி ஓடிவிடும். ஒரு சாவு, ஒரு தோல்வி, மனசு விட்டுப்போன ஒரு நாள் என்று வரும்போதுதான் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. ஒவ்வொரு பேட்ச்சிலும் அதே சந்தேகங்கள் வருவதால் இங்கே தொகுத்துவிட்டேன். கேள்விகள் கேட்டவர்கள் பேசியபடியே இருக்கின்றன. இங்கிலீஷ் சொற்களை உச்சரிப்பை ஒட்டித் தமிழில் எழுதியிருக்கிறேன்.

“ஸேட்-னு ஒரே வார்த்தைதான் தெரியும் மேடம். எல்லாத்துக்கும் அதையே சொன்னா தப்பா?”

தப்பே இல்லை. ‘ஐ ஆம் ஸேட்’ என்று எல்.கே.ஜி. குழந்தையும் சொல்லும், பிரதமரும் சொல்வார். ஆனால் எதனால் என்று அது சொல்லாது. அதனால் மொட்டையாக நிறுத்தாமல் பின்னால் ஒன்றைச் சேருங்கள்: ‘ஐ வாஸ் ஸேட் டு ஹியர் தட்’, ‘ஐ ஆம் ஸேட் அபௌட் லீவிங் சென்னை’. பாதிப் பேருக்கு இதுவே போதும்.

அடுத்து கைவசம் இருக்க வேண்டியது அப்செட். இதில் துக்கத்தோடு கொஞ்சம் கோபமும் கலந்திருக்கும். ‘ஷி இஸ் அப்செட் வித் மீ’ என்றால் என் மேல் வருத்தத்தில் இருக்கிறாள். அன்ஹாப்பி விஷயத்தில் மட்டும் கவனம். ‘தி கிளையன்ட் இஸ் அன்ஹாப்பி’ என்று மெயில் வந்தால் கிளையன்ட் எங்கோ உட்கார்ந்து அழுகிறார் என்று நினைக்க வேண்டாம். புகார் வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

“டோன்ட் ஃபீல்-னு ஆறுதலாத்தான் சொன்னேன். அந்தப் பக்கம் இருந்த அமெரிக்காக்காரிக்குப் புரியவே இல்லை. ஏன்?”

நீங்கள் பேசியது தமிழ். ‘ஃபீல் பண்ணாத’ என்று சென்னையில் சொன்னால் வருத்தப்படாதே என்று அர்த்தம். இங்கிலீஷில் ஃபீல் என்பதற்குத் தனியாக அந்த வருத்தம் கிடையாது. பின்னால் ஸேட், குட், கோல்ட் என்று ஏதாவது வந்தால்தான் வாக்கியம் முடியும். ‘டோன்ட் ஃபீல்’ என்று மட்டும் கேட்டவளுக்கு ‘உணர்ச்சியே வேண்டாம்’ என்று ஒரு சாமியார் உபதேசித்த மாதிரி இருந்திருக்கும். ‘டோன்ட் ஃபீல் பேட்’ என்று ஒன்று இருக்கிறது. அது எதிராளி குற்ற உணர்ச்சியில் இருக்கும்போது பொருந்தும். துக்கத்தில் இருப்பவரிடம் ‘ஐ ஆம் ஹியர் இஃப் யூ வாண்ட் டு டாக்’ சொல்லுங்கள்.

இதே வகையில் இன்னும் இரண்டு உண்டு. ‘மூட் அவுட்’ நம் ஊர்த் தயாரிப்பு, விமானம் ஏறாது. அதைத் திருத்துவதாக நினைத்து ‘ஐ ஆம் இன் எ பேட் மூட்’ என்பார்கள். அது எரிச்சலில் இருக்கிறேன், கிட்டே வராதே என்பது. ‘ஐ ஆம் ஃபீலிங் லோ’ அல்லது ‘டவுன்’ என்றால் சரி. ‘லைஃபே வெக்ஸ் ஆயிடுச்சு’ என்கிறோம் இல்லையா, அந்த வெக்ஸ் அவர்களுக்கு வெறும் எரிச்சல், கோபம். நீங்கள் சொல்ல நினைப்பதற்கு ஃபெட் அப்தான் கிட்டத்தில் வரும்: ‘ஐ ஆம் ஃபெட் அப் வித் திஸ் ஜாப்’.

“எது சின்ன சோகம், எது பெரிய சோகம்? வரிசையா சொல்லிட்டீங்கன்னா எழுதிக்குவேன்.”

ஐப்பசி, கார்த்திகையில் நுங்கம்பாக்கம் வானிலை மையம் சொல்லும் வரிசை நமக்கெல்லாம் மனப்பாடம். முதலில் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி, அப்புறம் தாழ்வு மண்டலம், ஆழ்ந்த தாழ்வு மண்டலம், மணிக்கு 62 கிலோமீட்டரைத் தாண்டினால்தான் புயல். காற்று அந்த வேகத்துக்கு வராமல் பெயரை உயர்த்த மாட்டார்கள். துக்கச் சொற்களையும் அப்படித்தான் பயன்படுத்த வேண்டும். நம் ஆட்கள் எடுத்த எடுப்பில் புயல் கூண்டு ஏற்றிவிடுகிறார்கள். ‘ஆஃபீஸ் டூர் கேன்சல் ஆனதில் ஐ ஆம் டெவஸ்டேட்டட்’ என்று ஒருவர் சொன்னார். கேட்டவர் ஒன்று சிரிப்பார், இல்லை நிஜமாகவே ஏதோ ஆகிவிட்டது என்று பதறுவார்.

எதிர்பார்த்தது நடக்காவிட்டால் டிஸ்அப்பாயின்டட். இன்கிரிமென்ட், பரீட்சை மார்க், கேன்சலான டூர் எல்லாம் இங்கேதான். ஒருவரிடம் ‘ஐ ஆம் டிஸ்அப்பாயின்டட் இன் யூ’ என்று மட்டும் யோசித்துச் சொல்லுங்கள், நேராகத் திட்டுவதைவிட அது அதிகமாகச் சுடும். அதற்கு மேல் லோ, டவுன், அப்செட். அதற்கும் மேலே மிஸரபிள். இது உடம்பும் மனசும் சேர்ந்து சோர்ந்த நிலை. ஜுரத்தில் படுத்திருப்பவரும் சொல்லலாம், மூன்று நாள் விடாத மழையையும் ‘மிஸரபிள் வெதர்’ எனலாம். உறவோ உயிரோ போனால் ஹார்ட்ப்ரோக்கன். இது காதல் தோல்விக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். அப்பாவை இழந்தவரும் சொல்வார், வளர்த்த பூனையை இழந்தவரும் சொல்வார். வாழ்க்கையே தரைமட்டமான மாதிரி ஆனால்தான் டெவஸ்டேட்டட்.

இலக்கணத்தில் ஒரு சின்ன சூட்சுமம். ஸேட், அப்செட், டிஸ்அப்பாயின்டட் எல்லாவற்றுக்கும் முன்னால் ‘வெரி’ போடலாம். டெவஸ்டேட்டட், ஹார்ட்ப்ரோக்கன் இரண்டுக்கும் போடுவதில்லை. அவை ஏற்கெனவே உச்சியில் இருப்பவை. அழுத்த வேண்டுமானால் ‘அப்ஸல்யூட்லி’ சேருங்கள்.

“அப்போ டிப்ரஷன்கறது வங்கக் கடல்ல வர்றதா, மனசுல வர்றதா?”

இரண்டும்தான். மேலே சொன்ன காற்றழுத்தத் தாழ்வு மண்டலத்துக்கு இங்கிலீஷில் டிப்ரஷன் என்றுதான் பெயர். 1929-இல் தொடங்கிய பொருளாதாரச் சரிவுக்கும் அதே பெயர். கீழே அமுங்கியது என்பதுதான் சொல்லின் அடிப்படை.

மனசைப் பற்றிப் பேசும்போது இரண்டு வாக்கியங்களைப் பிரித்துக்கொள்ளுங்கள். ‘ஐ ஃபீல் டிப்ரஸ்ட் டுடே’ என்பது இன்றைய மனநிலை. எல்லோரும் சாதாரணமாகச் சொல்வார்கள். ‘ஐ ஹேவ் டிப்ரஷன்’ என்றால் நோயின் பெயரைச் சொல்கிறீர்கள். மருத்துவர்களுக்கு அதற்கு அளவுகோல் உண்டு: மனச்சோர்வோ, எதிலும் ஈடுபாடு இல்லாமையோ குறைந்தது இரண்டு வாரம், ஏறக்குறைய தினமும், நாளின் பெரும்பகுதி நீடிக்க வேண்டும். கூடவே தூக்கம், பசி, கவனம், தெம்பு இவற்றிலும் மாற்றம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். சி.எஸ்.கே. தோற்ற மறுநாள் காலை ‘ஐ ஹேவ் டிப்ரஷன்’ என்று ஆபீஸ் குரூப்பில் போடுபவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் கடுப்புதான். நிஜமாகவே அந்த நோயோடு இருப்பவர் அதே குரூப்பில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பார்.

“ஐ ஆம் ஹோப்லெஸ்-னு டீம் லீடர்கிட்ட சொன்னேன். அவர் சிரிச்சுட்டு, நோ நோ, யூ ஆர் குட்-ங்கறார். நான் என்ன சொன்னேன், அவர் என்ன கேட்டார்?”

நீங்கள் சொல்ல வந்தது ‘எனக்கு நம்பிக்கையே போயிடுச்சு’. அவர் காதில் விழுந்தது ‘நான் எதுக்கும் லாயக்கில்லை’. ஒரு ஆளைப் பற்றி ஹோப்லெஸ் என்று சொன்னால் பெரும்பாலும் திறமை இல்லாதவர், தேறாத கேஸ் என்றுதான் பொருள். ‘ஐ ஆம் ஹோப்லெஸ் அட் மேத்ஸ்’ என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். நாமும் ‘ஹோப்லெஸ் ஃபெல்லோ’ என்று திட்டுவது இந்த அர்த்தத்தில்தான்.

‘ஆம்’ இருக்கும் இடத்தில் ‘ஃபீல்’ வந்தால் பொருள் மாறிவிடும். ‘ஐ ஃபீல் ஹோப்லெஸ்’ என்றால் கண்ணுக்கு எட்டிய தூரம் வழி தெரியவில்லை என்பது. நிலைமையைச் சொல்ல ‘இட் ஃபீல்ஸ் ஹோப்லெஸ்’. பேச்சில் இன்னும் இயல்பாக வருபவை: ‘ஐ ஹேவ் லாஸ்ட் ஹோப்’, ‘ஐ கான்ட் ஸீ எ வே அவுட்’, ‘வாட்ஸ் தி பாயின்ட்’. கடைசியில் சொன்னது கேள்வி மாதிரி இருக்கும், ஆனால் யாரும் பதில் எதிர்பார்த்துக் கேட்பதில்லை.

இந்த உணர்வை மனநல மருத்துவம் தனியாகவே எடுத்துப் பார்க்கிறது. ஆரன் பெக் என்ற அமெரிக்க மனநல மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1974-இல் நம்பிக்கையின்மையை அளக்க 20 வாக்கியங்கள் கொண்ட ஒரு படிவம் வெளியிட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் சரி, தவறு என்று குறிக்க வேண்டும். எதிர்காலத்தைப் பற்றி ஒருவர் என்ன நினைக்கிறார் என்பதைத் துருவும் கேள்விகள் அவை. அழுகிறாரா, முகம் வாடியிருக்கிறதா என்பது அதில் வராது. சிரித்துப் பேசிக்கொண்டே ஒருவர் ஹோப்லெஸ்ஸாக உணர முடியும், அதனால் உங்கள் டீம் லீடர் சிரித்ததைத் தப்பாக எடுத்துக்கொள்ளாமல், ‘ஃபீல்’ போட்டு இன்னொரு தடவை சொல்லிப் பாருங்கள்.

“ஹோப்லெஸ், ஹெல்ப்லெஸ், டெஸ்பரேட், டிஸ்பேர். எல்லாம் ஒரே குட்டையில ஊறின மட்டைதானே?”

ஒரே குட்டை போலத் தெரியும். 2015 டிசம்பர் வெள்ளத்தை எடுத்துக்கொள்வோம். கோட்டூர்புரத்திலும் ஜாஃபர்கான்பேட்டையிலும் அடையாறு வீட்டுக்குள் வந்து, மொட்டை மாடியில் நின்றவர்கள் ஹெல்ப்லெஸ். தங்கள் கையால் ஆகக்கூடியது ஒன்றும் இல்லை. ஆனால் படகு வரும் என்று தெருமுனையைப் பார்த்துக்கொண்டிருந்தவரை ஹோப்லெஸ் என்று சொல்ல முடியாது. கையில் கிடைத்த பிளாஸ்டிக் டிரம்மைப் பிடித்துக்கொண்டு நீந்திப் போய்ப் பால் பாக்கெட் வாங்கப் பார்ப்பவர் டெஸ்பரேட். வேறு வழியில்லாமல் எதையும் செய்யத் துணிந்தவர் என்று பொருள், அங்கே நம்பிக்கை இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. தண்ணீர் வடிந்து, கதவைத் திறந்து, மகளின் சர்ட்டிஃபிகேட் எல்லாம் கூழாகிக் கிடப்பதைப் பார்த்து அப்படியே தரையில் உட்கார்ந்தவர் இருந்தது டிஸ்பேரில்.

டெஸ்பரேட், டிஸ்பேர் இரண்டுக்கும் லத்தீனில் வேர் ஒன்றுதான், நம்பிக்கை போய்விட்டது என்று. வேர் ஒன்றாக இருந்தாலும் டெஸ்பரேட்டை இன்டர்வியூவில் சொல்லிவிடாதீர்கள். ‘ஐ ஆம் டெஸ்பரேட் ஃபார் எ ஜாப்’ என்றால் சம்பளம் எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வருவார் என்று குறித்துக்கொள்வார்கள். டிஸ்பேர் கனமான சொல், எழுத்தில்தான் அதிகம் வரும். ‘ஹி வாஸ் இன் டிஸ்பேர்’ என்று பெயர்ச்சொல்லாகவே வைத்துக்கொண்டால் பிழை வராது.

“க்ரீஃப், ஸாரோ ரெண்டுக்கும் டிக்‌ஷனரில துக்கம்னுதான் போட்டிருக்கு. எதை எங்க போடறது?”

இழப்பு இருந்தால் க்ரீஃப். அது ஒரு நாளில் தீராது, மாதக்கணக்கில் கூடவே நடக்கும். ‘ஷி இஸ் க்ரீவிங்’ என்று வினையாகவும் சொல்லலாம். ஸாரோ எழுத்து வழக்கு. நாளிதழில் இரங்கல் விளம்பரத்தில் பார்ப்பீர்கள், சாப்பாட்டு மேஜையில் யாரும் சொல்வதில்லை. துக்கம் அனுசரிப்பது மோர்னிங். காலை வேளையைச் சொல்லும் சொல்லும் காதுக்கு அப்படியேதான் கேட்கும், எழுதும்போது மட்டும் நடுவில் ஒரு ‘யு’ கூடும். ஹெச்.ஆர். பாலிசியில் வரும் பெரீவ்மென்ட் லீவ் என்பது நெருங்கிய உறவினர் இறந்தால் தரும் விடுப்பு.

“அப்பா இறந்தப்போ ஃபாரின் ஆளுங்க எல்லாம் ஐ ஆம் ஸாரி-ன்னாங்க. அவங்க என்ன தப்பு பண்ணாங்க? நான் என்ன பதில் சொல்றது?”

யாரும் தப்பு செய்யவில்லை. மன்னிப்பு கேட்பது ஸாரியின் ஒரு வேலை, இன்னொருவரின் வலியைத் தானும் உணர்வதாகச் சொல்வது அதன் பழைய வேலை. புண்ணையும் வலியையும் குறிக்கும் ‘ஸோர்’ என்ற சொல்லோடு பிறந்தது அது. முழு வாக்கியம் ‘ஐ ஆம் ஸாரி ஃபார் யுவர் லாஸ்’. யாராவது ‘ஐ லாஸ்ட் மை ஃபாதர்’ என்றால் அப்பா திருவிழாவில் தொலைந்துபோனார் என்று இல்லை, இறந்துவிட்டார். வகுப்பில் இந்த இடத்தில் யாராவது ஒருவர் கண்டிப்பாகச் சிரிப்பார், அதனால்தான் எழுதுகிறேன்.

பதிலுக்கு ‘தேங்க் யூ’. நமக்கு இது உறுத்தும். துக்க வீட்டில் வா என்றும் சொல்ல மாட்டோம், போய்வருகிறேன் என்றும் சொல்ல மாட்டோம், அங்கே நன்றியா என்று தோன்றும். அவர்கள் வழக்கம் அது. ‘இட்ஸ் ஓகே’, ‘நோ ப்ராப்ளம்’ மட்டும் வேண்டாம்.

“எக்ஸ்பயர்ட்-னு எழுதினா என்ன? எங்க ஆபீஸ் சர்க்குலர்லயே அப்படித்தான் வரும்.”

இந்தியாவுக்குள் எல்லோருக்கும் புரியும், நிறைய பேர் எழுதுகிறார்கள். வெளியே பால் பாக்கெட்டும் பாஸ்போர்ட்டும்தான் எக்ஸ்பயர் ஆகும். ‘பாஸ்ட் அவே’ எங்கேயும் செல்லும். ‘டைட்’ என்று நேராகச் சொன்னாலும் மரியாதைக் குறைவு இல்லை. வாட்ஸ்அப்பில் எல்லோரும் வரிசையாகப் போடும் ‘ஆர்.ஐ.பி.’ (ரெஸ்ட் இன் பீஸ்) இறந்தவரைப் பார்த்துச் சொல்வது, சுவரில் ஒட்டும் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் மாதிரி. மகனுக்குத் தனியாக அனுப்பும் செய்தியில் அது மட்டும் இருந்தால், அவனிடம் நீங்கள் ஒன்றுமே பேசவில்லை என்றாகிவிடும்.

“கண்டோலன்ஸ் மெயில் எழுதணும். நெட்ல தேடினா கவிதை கவிதையா வருது. காப்பி பண்ணிடட்டுமா?”

வேண்டாம். மூன்று வாக்கியம் போதும். செய்தி கேட்டேன், வருந்துகிறேன்: ‘ஐ வாஸ் வெரி ஸாரி டு ஹியர் அபௌட் யுவர் மதர்’. அவரைப் பற்றி உங்களுக்குத் தெரிந்த ஒரு விஷயம்: ‘ஐ ரிமெம்பர் ஹவ் வார்ம்லி ஷி வெல்கம்ட் அஸ்’. வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்: ‘ப்ளீஸ் டோன்ட் வொர்ரி அபௌட் தி ரிப்போர்ட், ஐ வில் ஹேண்டில் இட்’. நடு வாக்கியம்தான் உயிர். தெரிந்த விஷயம் ஒன்றும் இல்லையென்றால் அதை விட்டுவிடுங்கள், இட்டுக்கட்ட வேண்டாம். கண்டோலன்ஸஸ் என்று பன்மையில் எழுதுவது வழக்கம்.

இதைவிட முக்கியம், நாம் கேட்பதை அவர்கள் கேட்க மாட்டார்கள். ‘எப்படி ஆச்சு? என்ன வயசு? கடைசி நேரத்துல யார் கூட இருந்தா?’ என்று ஒவ்வொன்றாகக் கேட்பதைத்தான் நாம் துக்கம் விசாரிப்பது என்கிறோம். கேட்காமல் வந்தால் அக்கறை இல்லை என்று பேச்சு வரும். சொல்லிச் சொல்லி அழுதுதான் அந்த வீட்டுக்காரர்களும் ஆறுவார்கள். ‘ஹவ் டிட் ஷி டை?’ என்று இங்கிலீஷ்காரரிடம் அதையே கேட்டால் மூக்கை நுழைப்பதாக நினைப்பார். அவராகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். ‘அட் லீஸ்ட்’ என்று ஆரம்பிக்கும் எந்த ஆறுதலும் வேண்டாம். ‘நல்ல சாவு, கஷ்டப்படாம போனாங்க’ என்பது நம் பெரியவர்கள் வாயில் இதமாக இருக்கும், இங்கிலீஷுக்கு மாற்றினால் கசக்கும்.

“தாத்தாவோட பதினாறாம் நாள் காரியத்துக்கு லீவு வேணும். ஃபங்ஷன்-னு போடலாமா?”

போடாதீர்கள், கேக் வெட்டுகிறீர்களோ என்று நினைப்பார்கள். ‘தி சிக்ஸ்டீன்த் டே ரைட்ஸ் ஃபார் மை கிராண்ட்ஃபாதர்’ என்று எழுதி, ஊர் பெயரையும் தேதியையும் சேருங்கள்.

“டெக்ஸஸ்ல என் பேரன் வளர்த்த நாய் செத்துடுத்து. அவனுக்குத் தமிழ் வராது. வீடியோ கால்ல நான் என்னம்மா சொல்லட்டும்?”

மேலே ஹார்ட்ப்ரோக்கன் பற்றிச் சொன்னது உங்கள் பேரனுக்கும் பொருந்தும் மாமி. அங்கே நாய் வீட்டில் ஓர் ஆள், ‘வேற நாய் வாங்கிக்கலாம்டா’ மட்டும் வேண்டாம். ‘ஐ ஆம் ஸோ ஸாரி அபௌட்’ என்று சொல்லி நாயின் பெயரைச் சேருங்கள். பெயரை முன்னாலேயே உங்கள் மகளிடம் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். ‘இட்’ போடாமல் ஆண் நாயென்றால் ‘ஹி’, பெண்ணென்றால் ‘ஷி’. அப்புறம் ‘டெல் மீ அபௌட் ஹிம்’. அதற்கு மேல் அவன் பேசுவான். உங்களுக்குப் பாதி புரியாவிட்டாலும் பரவாயில்லை, தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருங்கள்.

“ஐ.இ.எல்.டி.எஸ். எழுதறேன். மெலன்கலி, டெஸ்பான்டென்ட், ஃபோர்லார்ன்-னு போட்டா பேண்ட் ஏறுமா?”

எழுத்துத் தேர்வில் சொல்வளத்துக்கு நாலில் ஒரு பங்கு மதிப்பெண் என்பது உண்மை. ஆனால் அங்கே பார்ப்பது சொல் பொருந்துகிறதா என்பதை. ‘மை ஃப்ரெண்ட் மிஸ்ட் ஹிஸ் பஸ் அண்ட் வாஸ் ஃபோர்லார்ன்’ என்று எழுதினால் ஏறாது, இறங்கும். மெலன்கலி அழகான சொல். உடம்பில் கரும்பித்தம் கூடியதால் வரும் சோகம் என்று பழைய கிரேக்க மருத்துவம் நம்பியதிலிருந்து வந்தது. இன்று அது காரணம் தெரியாத, மெதுவான, கொஞ்சம் இனிமையும் கலந்த சோகத்துக்குப் பொருந்தும். இழவுக்குப் பொருந்தாது. டெஸ்பான்டென்ட் என்றால் மனம் தளர்ந்தவர், ஃபோர்லார்ன் என்றால் கைவிடப்பட்டுத் தனித்துப்போனவர். இந்த இரண்டும் படிக்கும்போது புரிந்தால் போதும்.

“நர்ஸா லண்டன் போறேன். அங்க பேஷன்ட்டுங்க துக்கத்தை நேரா சொல்லுவாங்களா?”

மாட்டார்கள். நம் ஊரில் வலியை ஒன்றுக்கு இரண்டாகச் சொல்வோம், அங்கே இரண்டைக் கால் ஆக்கிச் சொல்வார்கள். ‘எ பிட் டவுன்’, ‘நாட் கிரேட்’, ‘ஐ ஹேவ் பீன் பெட்டர்’ இவையெல்லாம் ‘ரொம்ப முடியலை’யாக இருக்கலாம். ‘ஐ ஆம் ஸ்ட்ரக்லிங்’ என்று ஒருவர் சொல்லிவிட்டால் கையில் இருக்கும் வேலையை வைத்துவிட்டுக் கேளுங்கள். மனச்சோர்வை அளக்கும் பி.ஹெச்.க்யூ. 9 என்ற படிவத்தை அங்கே அடிக்கடி பார்ப்பீர்கள். கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி ஒன்பது கேள்விகள். டிப்ரஷன் பற்றிய பதிலில் சொன்ன அதே இரண்டு வாரம்தான். முதல் கேள்வி ஈடுபாடு குறைந்ததா என்று, இரண்டாவது டவுன், டிப்ரஸ்ட், ஹோப்லெஸ் ஆக உணர்ந்தீர்களா என்று, ஒன்பதாவது சாவைப் பற்றியோ தன்னைக் காயப்படுத்திக்கொள்வது பற்றியோ எண்ணம் வந்ததா என்று.

‘ஐ டோன்ட் வாண்ட் டு பி எ பர்டன்’ என்று கேட்டால் நம் பாட்டிகள் தினமும் சொல்லும் ‘யாருக்கும் பாரமா இருக்கக் கூடாது’ ஞாபகம் வரும், சிரித்துவிட்டு நகரத் தோன்றும். நகராதீர்கள், நேராகக் கேளுங்கள். தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக முளைக்காது. ‘கமிட் சூயிசைட்’ என்பதில் வரும் ‘கமிட்’ என்ற சொல்லை மட்டும் தவிர்த்துவிடுங்கள், அது குற்றத்தோடு சேர்ந்தது. இங்கிலாந்தில் தற்கொலை 1961 வரை சட்டப்படி குற்றமாகவே இருந்தது. இப்போது ‘டைட் பை சூயிசைட்’ என்றுதான் எழுதுகிறார்கள். இந்தியாவிலும் 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது.

“காலேஜ் படிக்கற பொண்ணு ஸ்டேட்டஸ்ல நம்ப், எம்ப்டி, ஐ ஆம் டன்-னு போடறா. ஸேட்-னு ஒரு தடவைகூட போடலை. பயப்படணுமா?”

நம்ப் என்றால் மரத்துப்போனது, எம்ப்டி வெறுமை. ‘ஐ ஆம் டன்’ என்பது அசைன்மென்ட் முடிந்தது என்பதிலிருந்து இனி முடியாது என்பது வரை எதுவாகவும் இருக்கலாம். இந்த வயசுப் பிள்ளைகள் பாட்டு வரிகளைப் போடுவதும் உண்டு. ஆக, சொல்லை வைத்து நானும் தீர்ப்புச் சொல்ல முடியாது, நீங்களும் முடியாது.

சாப்பாடு, தூக்கம், ஃப்ரெண்ட்ஸோடு பேச்சு இவற்றில் மாற்றம் இருக்கிறதா என்று பாருங்கள். இருக்கோ இல்லையோ, கேட்டுவிடுங்கள். ‘என்ன ஸ்டேட்டஸ் இது?’ என்று ஆரம்பித்தால் உங்கள் நம்பரை மறைத்துவிட்டு அடுத்ததைப் போடுவாள். தலைக்கு எண்ணெய் வைக்கும்போதோ, வண்டியில் பின்னால் உட்கார்ந்து போகும்போதோ, முகம் பார்க்காமல் தமிழில் கேளுங்கள்: ‘கொஞ்ச நாளா ஒரு மாதிரி இருக்கியே, என்னம்மா?’ உயிரோடு இருக்கப் பிடிக்கவில்லை என்கிற மாதிரி ஏதாவது வந்தால் தனியாக விடாதீர்கள், அன்றே உதவி தேடுங்கள். எங்கே என்பது அடுத்த பதிலில்.

“எனக்கே அப்படித்தான் இருக்கு மிஸ். டாக்டர்கிட்ட இதெல்லாம் இங்கிலீஷ்லதான் சொல்லணுமா?”

தேவையே இல்லை. மேலே இருக்கும் ஒரு சொல்கூடத் தெரியாமல் ‘நெஞ்சு அடைக்குது, தலை பாரமா இருக்கு, எதுலயும் மனசு ஒட்டலை’ என்று சொன்னால் சென்னை டாக்டர்களுக்கு நன்றாகவே புரியும். தினமும் அதைத்தான் கேட்கிறார்கள். டிப்ரஷன், ஆங்சைட்டி என்று நீங்களே பெயர் வைத்துக்கொண்டு போவதைவிட, எத்தனை நாளாக, தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, காலையில் மோசமா ராத்திரியில் மோசமா என்று சொல்வது அவர்களுக்கு உதவும். மறந்துபோகும் என்றால் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள்.

கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்தில் வெளிநோயாளிகள் பிரிவு இருக்கிறது. 1794-இல் தொடங்கிய இடம். ‘கீழ்ப்பாக்கம் கேஸ்’ என்று சினிமா கிண்டல் செய்ததாலேயே அந்தப் பக்கம் போகப் பலருக்கும் கூச்சம், அது தேவையில்லாத கூச்சம். போனில் பேச வேண்டுமென்றால் மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, நாள் முழுக்க, கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். தமிழக அரசின் 104 உதவி எண்ணிலும் பேசலாம். 1986-இல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் சென்னையில் தொடங்கிய சிநேகா தற்கொலைத் தடுப்பு அமைப்பின் எண் 044-24640050. போனை எடுத்ததும் என்ன சொல்வது என்று தயங்குபவர்கள்தான் அதிகம். ‘கொஞ்ச நாளா மனசு சரியில்லை, யார்கிட்டயாவது பேசணும் போல இருக்கு’ என்று ஆரம்பியுங்கள், மீதியை அவர்களே கேட்டு வாங்கிக்கொள்வார்கள்.